வீண் பெருக்கலை விரட்டிய கதை

கணிப்பொறித் திரையில் நீரலை மின்னுகிறது; நிழல் நகர்கிறது. இது எவ்வாறு நிகழ்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன எனக் கொள்வோம். நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்பட்டால், புள்ளியின் நிறத்தை 12 கோடியே 44 லட்சம் முறை கணக்கிட வேண்டும். அக்கணக்கைச் செய்யும் சிறு நிரலே ‘ஷேடர்’. அதில் வேண்டாத பெருக்கல் ஒன்றிருந்தால், அதுவும் அத்தனை முறை வீணே நடைபெறும். கைப்பேசியாயின் மின்கலமும் விரைவில் தீரும்.

வீண் கணக்கை நீக்கும் முயற்சி பழையது. 1957-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டனர். கையால் எழுதிய கட்டளைகளைவிடக் கம்பைலர் தருபவை மந்தமாக ஓடினால் யாரும் ஏற்கமாட்டார்கள் என அவர்கள் அஞ்சினர். எனவே ஒரே கணக்கை இருமுறை செய்யாதிருக்கும் வழியைத் தொடக்கத்திலேயே அதில் அமைத்தனர்.

ஷேடர் பிறந்தது திரைப்படத் துறையில். 1984-ல் லூகாஸ்ஃபிலிமைச் சேர்ந்த ராபர்ட் குக் அதற்கு அடிகோலினார். 1988-ல் பிக்சாரின் ரெண்டர்மேன் அதற்கெனத் தனி மொழி தந்தது. திரைப்படத்தில் ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்கலாம். ஆனால் 2001-ல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 3 வந்தபின், விளையாட்டுகளிலும் ஷேடர் உடனுக்குடன் இயங்க வேண்டியதாயிற்று.

2011-ல் வெப்ஜிஎல் வந்தது. இம்முறையில் ஷேடர், எழுதிய வடிவிலேயே பயனரின் கருவிக்குச் செல்கிறது. அங்குள்ள கம்பைலரே அதனை மொழிபெயர்க்கிறது. எல்லாக் கம்பைலர்களும் ஒரே திறமுடையவை அல்ல. கைப்பேசிகளில் இக்குறை முன்னரே தெரிந்திருந்தது. அதனால் ஷேடரை அனுப்புமுன்பே திருத்தித்தரும் கருவி ஒன்று 2010-ல் யூனிட்டி நிறுவனத்தில் உருவாயிற்று. சி++ மொழியில் எழுதப்பட்ட அதனைப் பின்னர் எம்ஸ்கிரிப்டன் வாயிலாக ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி, உலாவியிலேயே இயங்கச் செய்தனர்.

அது செய்வதென்ன? ‘2 × 3 × ஆரம்’ என்பதை ‘6 × ஆரம்’ ஆக்கும். பயன்படாத மாறிகளை நீக்கும். மீண்டும் வரும் கோவையை ஒருமுறை மட்டும் கணித்து வைத்துக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 10 கோடியுடன் 1 கூட்டி, 10 கோடியைக் கழித்தால் விடை 1 என்பீர்கள். 32 பிட் மிதவைப்புள்ளி எண்களில் விடை 0! ஏறத்தாழ 7 இலக்கங்களே அதில் நிற்பதால், கூட்டிய 1 மறைந்துவிடுகிறது. வரிசையை மாற்றிக் கழித்தலை முதலில் செய்தால் 1 கிடைக்கும். ஆகவே இயற்கணித விதி சொல்கிறதென்று கோவையைக் கண்டபடி மாற்றினால் படமே மாறிவிடக்கூடும். எதைச் சுருக்கலாம் என்பதோடு, எதைத் தொடக்கூடாது என்பதையும் அறிந்த கருவியே நல்ல கருவி.