கூரையாகிய சூரிய மின்தகடு: கட்டட ஒருங்கிணைப்பின் வரலாறு (1973–2018)

முன்னுரை

கட்டடத்தின் கூரைமேல் சூரிய மின்தகடுகளைப் பொருத்துவதும், அத்தகடுகளையே கூரையாக வேய்வதும் வேறு வேறு செயல்கள். முன்னதில் தகடு ஒரு மின்கருவி மட்டுமே. அதனைக் கழற்றிவிட்டாலும் வீடு வீடாகவே இருக்கும். பின்னதில் தகடு ஓட்டின் இடத்தையோ சுவரின் இடத்தையோ ஏற்கிறது. மழையைத் தடுப்பதும் காற்றைத் தாங்குவதும் அதன் கடமைகளாகின்றன. கட்டட ஒருங்கிணைப்பு எனத் துறையினர் வழங்குவது இந்த இரண்டாவதையே. இதன் வரலாறு பொதுவாக மின்கலத்தின் திறன் உயர்ந்த வரலாறாகவே சொல்லப்படுகிறது. உண்மையில், தகட்டுக்குப் பொறுப்பேற்பவர் மின்பணியாளரா, கூரை வேய்பவரா என்னும் வினாவே இதன் போக்கைப் பெரிதும் தீர்மானித்துள்ளது.

டெலவேர் வீடு

1954இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் ஆகியோர் உருவாக்கிய சிலிக்கான் மின்கலம், தன்மீது விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்னாற்றலாக மாற்றியது. விலை மிகுதியின் காரணமாக அது முதலில் பயன்பட்ட களம் வீடன்று, விண்வெளி. 1958இல் ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோள் அதற்குச் சான்று. வீட்டை எட்ட மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

1973இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கார்ல் போயர் தலைமையிலான குழுவினர் ‘சோலார் ஒன்’ என்னும் வீட்டைக் கட்டினர். இதனை அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியின் விளைவாகக் கருதுவது பொருந்தாது. இம்முயற்சிக்கு அடிப்படையான ஆற்றல் மாற்ற ஆய்வு நிறுவனம் 1972இலேயே அங்கு நிறுவப்பட்டுவிட்டது. வீட்டின் சரிவான கூரையோடு காட்மியம் சல்பைடு மின்கலத் தகடுகள் இணைத்து அமைக்கப்பட்டன. பகலில் எஞ்சிய மின்சாரம் தனி அளவி வழியாக மின்வாரியத்திற்குச் சென்றது. இரவில் அங்கிருந்தே மின்சாரம் பெறப்பட்டது.

இவ்வீட்டின் சிறப்பு மின்சாரத்தோடு முடியவில்லை. ஒளிபட்டுச் சூடான தகடுகளின் வெப்பத்தைக் காற்றோட்டத்தால் கவர்ந்து, உருகும்போது வெப்பத்தைச் சேமிக்கும் உப்புகள் நிறைந்த பெட்டிகளுக்கு விசிறிகள் கொண்டுசென்றன. தகடு கூரையோடு ஒன்றும்போது அதன் பின்புறம் காற்றோட்டம் குன்றும், வெப்பம் மிகும். பிற்காலத்தில் பெருவழக்காகிய படிகச் சிலிக்கான் கலங்களில், வெப்பநிலை ஒரு செல்சியசு பாகை உயருந்தோறும் மின்வெளியீடு ஏறத்தாழ 0.4 முதல் 0.5 விழுக்காடு வரை குறைகிறது. ஒருங்கிணைப்பில் இயல்பாக உள்ள இக்குறையை டெலவேர் குழுவினர் பயனாக மாற்ற முயன்றனர். பின்வந்தோர் பலர் இவ்வழியைத் தொடராமல், தகட்டின் பின்னே காற்றுக்கு இடைவெளி விடுவதோடு நின்றனர்.

சுவரும் கண்ணாடியும்

1991இல் செருமனியின் ஆகன் நகர மின்வழங்கு நிறுவனக் கட்டடத்தின் கண்ணாடி முகப்பில் மின்கலங்கள் இணைக்கப்பட்டன. முகப்பு ஒருங்கிணைப்பின் தொடக்கமாகப் பெரும்பாலோர் சுட்டுவது இதனையே. செங்குத்துச் சுவர், சரிவான கூரையைவிடக் குறைவாகவே ஒளி பெறும். எனினும் விலை மிகுந்த முகப்புப் பொருளின் செலவு மீதமாவதால் கணக்கு மாறுகிறது.

1999இல் எர்னே நகரில், மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்க வளாகத்தில் எழுந்த மோன்-செனி பயிற்சியகம் வேறொரு வழியைக் காட்டியது. மரத்தூண்கள் தாங்கும் பெருங்கண்ணாடிக் கூடத்தின் கூரையில் கலங்கள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் பதிக்கப்பட்டு, உள்ளே மேக நிழல் போன்ற நிழலைத் தந்தன. ஏறத்தாழ ஒரு மெகாவாட் திறன் கொண்ட அவ்வமைப்பில் மின்கலம் நிழல்தரு பந்தலின் பணியையும் செய்தது.

மான்செசுடரின் கூட்டுறவுக் காப்பீட்டுக் கோபுரத்தில் தேவையே முன்வந்தது. 1962இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோபுரத்தின் சன்னலற்ற பகுதியில் ஒட்டப்பட்ட சிறு சிறு ஓட்டுத்துண்டுகள் விரைவிலேயே உதிரத் தொடங்கின. அச்சுவருக்கு எவ்வாறாயினும் புதிய போர்வை தேவைப்பட்டது. 2005இல் 7,244 தகடுகள் அப்போர்வையாயின. அவற்றுள் ஒரு பகுதி மின்சாரம் தராத போலித் தகடுகள். சுவரின் தோற்றம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவை பொருத்தப்பட்டன. கட்டடக்கலையின் நோக்கு மின்பொறியியலின் நோக்கை வென்ற இடம் இது.

பிரெஞ்சு நாட்டின் சட்டம்

மேற்கண்டவை தனித்தனி முயற்சிகள். ஒருங்கிணைப்பை நாடு தழுவிய கொள்கையாக்கியது பிரான்சு. 2006 சூலை ஆணையின்படி அந்நாட்டின் ஐரோப்பிய நிலப்பகுதியில் ஒரு கிலோவாட் மணி சூரிய மின்சாரத்தின் கொள்முதல் விலை 30 யூரோ சென்ட். தகடு கட்டடத்தோடு ஒன்றியிருந்தால் மேலும் 25 சென்ட். செருமனி 2004இல் முகப்புகளுக்கு 5 சென்ட் மட்டுமே கூடுதலாக அளித்தது. அதனையும் 2009இல் நீக்கியது.

கூடுதல் விலை உண்டெனில் வரையறையும் வேண்டும். 2006 ஆணை ஓடு, பலகணித் தடுப்பு, வெயில் தடுப்பு, முகப்புப் போர்வை எனக் கட்டட உறுப்புகளைப் பட்டியலிட்டது. 2010 சனவரி ஆணை வரையறையை இறுக்கியது: தகட்டைக் கழற்றினால் நீர்க்காப்புக் கெட வேண்டும், அல்லது கட்டடம் பயன்பாட்டுக்கு உதவாததாக வேண்டும். அழிவின் வழியே தகுதியை அளந்த இவ்விதி விந்தையானதே. ஆயினும் ஒருங்கிணைப்பு என்னும் கருத்தை இதைவிடத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

நடைமுறையில் விளைந்தது வேறு. நல்ல நிலையில் இருந்த ஓடுகளும் 55 சென்ட் விலைக்காகப் பிரிக்கப்பட்டன. கூரைத்தொழில் அறியாத மின்பணியாளர்கள் கூரை வேய்ந்தனர். மழைநீர்க் கசிவு வழக்குகளும் காப்பீட்டுச் சிக்கல்களும் பெருகின. தகடுகளின் விலை சரியச் சரிய ஊக்கத்தொகையின் சுமை கூடிற்று. 2010 திசம்பரில் அரசு, 3 கிலோவாட்டுக்கு மேற்பட்ட புதிய ஒப்பந்தங்களை மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. 2017 ஆணை ஒருங்கிணைப்புக்கான கூடுதல் தொகையைப் படிப்படியாகக் குறைத்தது. 2018இல் அது முற்றிலும் நின்றது. அதன்பின் தகடுகள் மீண்டும் ஓடுகளின் மேலேயே ஏறின.

இக்கொள்முதல் ஒப்பந்தங்களின் காலம் 20 ஆண்டுகள். 2006இல் தொடங்கியவை 2026 முதல் முடிவடைகின்றன. ஓட்டின்மேல் பொருத்தப்பட்ட பழைய தகட்டை உரிமையாளர் இறக்கிவிடலாம். ஒருங்கிணைந்த தகட்டை இறக்கினால் அவ்விடத்தில் புதிதாகக் கூரை வேய வேண்டும். அச்செலவு 2006ஆம் ஆண்டுக் கொள்முதல் விலையில் கணக்கிடப்படவில்லை.