வலிப்பு நோயும் உறக்கமும்

வலிப்பு நோயும் உறக்கமும் ஒன்றையொன்று பாதிப்பவை. மூளையின் நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கும் ஆழ்ந்த உறக்கத்தில் வலிப்புக்கான மின்னலைகள் எளிதில் பரவுகின்றன. கனவுகள் மிகுந்த, விழிகள் விரைந்து அசையும் கட்டத்தில் அவை பெரிதும் அடங்குகின்றன. ஜெர்மனிய மருத்துவர்களான டீட்டர் யான்ஸும் கிறிஸ்டியனும் 1957இல் விவரித்த இளம்பருவத் தசைத்துடிப்பு வலிப்பில் உறக்கக் குறைவுக்கும் வலிப்புக்குமான தொடர்பு மிகத் தெளிவாகப் புலப்படும். இரவெல்லாம் கண்விழித்துப் படித்த மாணவர், காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கைகள் திடீரென வெட்டியிழுக்க, பிடித்திருந்த தம்ளரை நழுவவிடுவார். அதைக் கவனக்குறைவு எனக் கடிந்துகொண்டு வீட்டார் விட்டுவிடுவதால், நோய் பல ஆண்டுகள் அறியப்படாமலே போவதுண்டு என்பது வருந்தத்தக்கது.

வலிப்புக்கான மருந்துகளும் உறக்கத்தை மாற்றுகின்றன. பினோபார்பிட்டோன் கனவுக் கட்டத்தைக் குறைத்துப் பகலில் தூக்கக் கலக்கம் தருகிறது. லாமோட்ரிஜின் சிலருக்கு உறக்கமின்மையை உண்டாக்குகிறது. உறங்கும்போது மூச்சு தடைப்படும் குறைபாடும் இருப்பின், அதற்கான சிகிச்சையே வலிப்பின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். ஆகவே நோயாளியின் உறக்கத்தைப் பற்றி மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்டறிவது இன்றியமையாதது. தூக்கக் கலக்கத்துக்கு அஞ்சி மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்துவோருக்கு, இடைவிடாது நீடித்து உயிருக்கே ஆபத்தாகும் வலிப்பு வரக்கூடும்.