தங்கம் கொடுத்தும் அடிக்கிறான்!

ராமநாதபுரம் கேணிக்கரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்தால், மருமகன் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். பரீட்சை ரிசல்ட்டாக்கும் என்று பதறிவிட்டேன். இல்லை. ராஜ்ஜியம் போய்விட்டது.

‘‘மூணு தடவை தங்கம் குடுத்தேன் மாமா. அவன் கேக்கக்கூட இல்ல, நானாத்தான் குடுத்தேன். ‘உங்கள் நட்பை மறக்க மாட்டேன்’னு டயலாக் எல்லாம் விட்டான். இப்ப பாருங்க, படையோட வந்து நிக்கிறான். துரோகி!’’

சரித்திர ராஜ்ஜியங்களைக் கட்டி ஆளும் விளையாட்டு. எதிரே இருக்கும் ராஜா மனிதர் இல்லை, கம்ப்யூட்டர். திரையை எட்டிப் பார்த்தேன். பையனின் மொத்தப் படையும் கிழக்கு எல்லையில் நிற்கிறது. தங்கம் வாங்கிக்கொண்டவன் இருப்பது மேற்கே. அந்தப் பக்கம் காவலுக்கு ஒரு வில்லாளிகூடக் கிடையாது.

துரோகம் என்பது மனிதர்கள் சமாசாரம். கம்ப்யூட்டருக்கு ஏது அது? அதனிடம் இருப்பது ஒரு கணக்குப் புத்தகம், அவ்வளவுதான். தங்கம் கொடுத்தாயா, இத்தனை மார்க். எல்லையை ஒட்டி ஊர் கட்டினாயா, இத்தனை மார்க் கழி. என் எதிரியோடு நீயும் சண்டை போடுகிறாயா, நல்லது, கூட்டு. உன் படை என் படையில் பாதிகூட இல்லையா? அப்படியானால் மற்ற கூட்டல் கழித்தலெல்லாம் இருக்கட்டும், முதலில் உன்னை அடித்துவிடுகிறேன். இதில் இன்னொரு சூட்சுமம். அன்பளிப்புக்குக் கிடைக்கும் மார்க் பல விளையாட்டுகளில் நாளாக நாளாகத் தேய்ந்துபோகும். கொடுத்தவன் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பான். வாங்கியவன் கணக்கில் அது எப்போதோ பூஜ்யமாகியிருக்கும்.

நம் காந்தி மகானே இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார். 1991-ல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ என்கிற பிரபலமான விளையாட்டில் காந்தியும் ஒரு ராஜா. சாதுவான மனிதர் திடீரென்று அணுகுண்டு வீசுவார் என்று ஒரு கதை உலகம் முழுக்கப் பரவியது. கணக்கில் ஏதோ பிசகாம், ஒன்றிலிருந்து கழித்துக் கழித்து 255-க்குப் போய்விட்டதாம். உருவாக்கியவர்களில் ஒருவரான சிட் மேயர் 2020-ல் தன் சுயசரிதையில், அப்படி ஒரு பிசகு நடக்கவே இல்லை என்று எழுதிவிட்டார். ஆனால், அதே விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் காந்திக்கு அணுகுண்டு ஆசையை வேண்டுமென்றேதான் கூட்டி வைத்தார்கள். முகம் காந்தி முகம். உள்ளே ஓடுவது வேறு கணக்கு. எதிராளியின் முகத்தைப் பார்த்து ராஜதந்திரம் செய்கிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

‘‘கிளம்புடா’’ என்றேன்.

‘‘எங்க மாமா?’’

‘‘இதே ஆட்டத்தை நிஜமா ஆடினவங்க வீட்டுக்கு.’’

*

ராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் இருக்கிறது ராமலிங்க விலாசம். சேதுபதிகளின் தர்பார் மண்டபம். இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சுவரெல்லாம் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ஒரு சுவரில் தஞ்சாவூர் மராட்டியரோடு யுத்தம். இன்னோர் இடத்தில் சேதுபதியைப் பார்க்க வந்திருக்கிறார்கள் ஐரோப்பியர்கள். ஒரே மண்டபத்தில் பீரங்கியும் பேச்சுவார்த்தையும்.

ஐரோப்பியர்களுக்கு இந்த வறண்ட சீமையில் என்ன வேலை? வரைபடத்தைப் பாருங்கள். விடை பாம்பனில் இருக்கிறது.

1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடி, யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் மூன்றையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். கொழும்பு அதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. சரி, நாகப்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு தோணி போக வேண்டும். ஒன்று, இலங்கையை முழுசாகச் சுற்ற வேண்டும். இல்லையென்றால், மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் நடுவே இருக்கிற பாம்பன் வாய்க்கால் வழியாக நுழைந்து போக வேண்டும். பெரிய கப்பலுக்கு அங்கே ஆழம் போதாது. சின்னக் கலங்கள் போகலாம். ஆனால், இந்தக் கரையும் சேதுபதியுடையது, அந்தக் கரையும் சேதுபதியுடையது.

எதிரே இருந்த டச்சுக் கம்பெனி எப்படிப்பட்ட ஆள்? ஆளே இல்லை என்பதுதான் விசேஷம். 1602-ல் ஆரம்பிக்கப்பட்ட வியாபாரக் கம்பெனி அது. ஹாலந்தில் 17 டைரக்டர்கள். அவர்களுக்குக் கீழே பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கவர்னர் ஜெனரல். அவருக்குக் கீழே கொழும்பு கவர்னர். அவருக்குக் கீழே தூத்துக்குடி அதிகாரி. சேதுபதியின் தர்பாரில் பன்னீர் தெளித்து, பட்டுச் சால்வை போர்த்தி உபசரித்தால் வந்த தூதர் குளிர்ந்துபோகலாம். கம்பெனி குளிராது. அதற்கான உத்தரவு கடல் தாண்டி எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. மருமகனின் கம்ப்யூட்டர் ராஜா மாதிரியேதான். பேசுகிற முகம் இங்கே, கணக்கு வேறெங்கோ.

அந்தக் கணக்கில் இருந்தவை என்ன? முத்து. சங்கு. துணி. பாம்பன் வழி. இவற்றில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. குறிப்பாக, கீழக்கரை மரைக்காயர்கள் அரிசியும் பாக்கும் துணியும் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் கரைக்கும் போய்வருவது கம்பெனிக்குக் கண்ணில் விழுந்த தூசி.

சேதுபதிகள் இதை நன்றாகவே படித்து வைத்திருந்தார்கள். முக்கியமாக, கிழவன் சேதுபதி. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஆள் படு சூரர். தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் இவர்தான். மதுரை நாயக்கர்களின் பிடியை உதறினார். 1702-ல் ராணி மங்கம்மாள் அனுப்பிய படையைத் தோற்கடித்தார். நாயக்கர் தளவாய் நரசப்பய்யா அந்தப் போரிலேயே மாண்டார்.

நிலத்தில் அப்படி அடித்தவர், கடல் பக்கம் வேறு மாதிரி ஆடினார். டச்சுக்காரர்களோடு ஒரு கையால் ஒப்பந்தம். இன்னொரு கை கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தோளில். சீதக்காதி என்கிற பெரிய தம்பி மரைக்காயர் புலவர்களுக்கு வாரிக் கொடுத்தவர் மட்டுமல்ல. பெரிய கப்பல் வியாபாரி, சேதுபதிக்கு மிக நெருக்கமானவர். இரண்டு பேர் வாங்கத் தயாராக இருந்தால்தான் சரக்குக்கு விலை. பாம்பனுக்கும் அதே நியாயம்.

விளைவு? சேதுபதிகளுக்கும் டச்சுக்காரர்களுக்கும் நடுவே 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்ப ஒப்பந்தங்கள். எழுதுவார்கள், மீறுவார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி எழுதுவார்கள். இது என்ன நாணயமில்லாத பிழைப்பு என்று தோன்றும். ஆனால், கவனியுங்கள். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கம்பெனி திரும்பிப் பேச வந்தது. ஏன்? வாய்க்கால் வேண்டும். பாசத்தால் கட்டிய முடிச்சு அல்ல அது, தேவையால் விழுந்த முடிச்சு.

‘‘இதை முன்னாடியே சொல்லிருக்கலாம்ல மாமா?’’ என்றான் பையன். ‘‘தங்கம் குடுத்ததுக்குப் பதிலா அவனுக்கு வேண்டிய துறைமுகத்தை நான் பிடிச்சு வச்சிருப்பேன்.’’

பாதிப் பாடம் ஏறிவிட்டது.

*

மீதிப் பாதி கொஞ்சம் கசப்பானது.

கிழவன் சேதுபதி 1710-ல் காலமானார். இருபது வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. பட்டத்துக்கு உள்வீட்டுச் சண்டை. கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் தஞ்சாவூர் மராட்டியரிடம் உதவி கேட்டுப் போனார்கள். உதவி கிடைத்தது. பில்லும் வந்தது. பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த சீமை தஞ்சாவூருக்கு. மிச்சத்தை ஐந்து பங்காக்கி, மூன்று கட்டையத் தேவருக்கு, இரண்டு சசிவர்ணருக்கு. அந்த இரண்டு பங்குதான் சிவகங்கைச் சீமை. 1730-ஐ ஒட்டி நடந்தது இது. கூட்டாளிக்கு என்ன கூலி என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளாதவர்கள் நிலமாகக் கொடுக்க வேண்டிவரும்.

1772. ஆற்காடு நவாப்பும் ஆங்கிலேயரும் சேர்ந்து வந்தார்கள். ராமநாதபுரம் கோட்டை விழுந்தது. சிறுவனான முத்துராமலிங்க சேதுபதியும் அவர் தாயாரும் திருச்சியில் சிறை. அதே ஜூன் மாதம் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலுநாச்சியார் தப்பித்து, திண்டுக்கல் பக்கத்தில் விருப்பாட்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

கையில் நாடு இல்லை, பொக்கிஷம் இல்லை. மைசூர் ஹைதர் அலியிடம் உதவி கேட்கிறார். ஹைதருக்கு இதில் என்ன லாபம்? நவாப் அவருக்கும் எதிரி. ஆங்கிலேயரும் எதிரி. விளையாட்டுக் கணக்கில் சொன்னால், ‘பொது எதிரி’ என்கிற ஒரே வரியில் மார்க் எகிறுகிறது. 1780-ல் ஹைதரின் உதவியோடு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். அதே வருஷம்தான் ஹைதர் கர்நாடகத்துக்குள் புகுந்தார். நவாப்புக்கு நாலா பக்கமும் நெருக்கடி. அந்த நெருக்கடி நாட்களில்தான் முத்துராமலிங்க சேதுபதியும் சிறையிலிருந்து வெளியே வந்து மறுபடி சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்.

பலகையில் ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் இருந்தவரை, ஒருவர் விழுந்தாலும் எழுந்திருக்க வழி இருந்தது.

அந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனதைப் பாருங்கள். 1781-ல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792-ல் திப்பு பாதி ராஜ்ஜியத்தை இழந்தார். அதே வருஷம், பாளையக்காரர்களிடம் கப்பத்தை நேரடியாக வசூலிக்கும் உரிமையை ஆங்கிலக் கம்பெனி நவாப்பிடமிருந்து எழுதி வாங்கியது. 1793-ல் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி போனது.

முத்துராமலிங்க சேதுபதி தன் முன்னோர்கள் ஆடிய அதே ஆட்டத்தைத்தான் ஆடினார். சுங்கம் என் உரிமை என்றார். என் சீமை நெசவாளர்களின் துணி வியாபாரத்தில் கம்பெனிக்கு அடங்கிப்போக முடியாது என்றார். நூறு வருஷத்துக்கு முன்னால் இதைக் கேட்டு டச்சுக்காரர்கள் பேச வந்தார்கள். இப்போது ஆங்கிலேயர் பேச வர வேண்டிய அவசியமே இல்லை. நீ தராவிட்டால் வேறு யாருக்குத் தருவாய்? வாங்குவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இதில் கொடுமை, அதே சமயத்தில் ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் எல்லைத் தகராறு. ஒரு பக்கம் சேதுபதி, மறுபக்கம் மருது சகோதரர்கள். ஒரே கொடியில் பூத்த இரண்டு சீமைகள் கத்தியை உருவிக்கொண்டு நிற்கின்றன. கம்பெனிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

1795 பிப்ரவரி 8. கம்பெனிப் படை ராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றியது. சேதுபதி கைதாகித் திருச்சிக்குப் போனார், பிறகு சென்னைக்கு. அந்த வருஷமே யாழ்ப்பாணமும் அடுத்த பிப்ரவரியில் கொழும்பும் டச்சுக்காரர்கள் கையிலிருந்து நழுவின. 1799-ல் திப்பு வீழ்ந்தார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1803-ல் சேதுபதியின் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியார் ராமநாதபுரத்துக்கு ஜமீன்தாரிணி ஆனார். ராஜ்ஜியம் ஜமீன் ஆகிவிட்டது. 1809-ல் சேதுபதி சிறைவாசத்திலேயே இறந்தார்.

அவர் ஆட்டம் தெரியாதவர் அல்ல. பலகையில் எதிரே ஒரே ஒரு ஆட்டக்காரன்தான் மிச்சம் என்கிற நேரத்தில் அவர் முறை வந்தது. அதுதான் வித்தியாசம்.

*

வெளியே வந்து ஆளுக்கொரு டீ சொன்னோம். பையன் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

‘‘மருது பாண்டியரும் சேதுபதியும் சேர்ந்திருந்தா தப்பிச்சிருப்பாங்களா மாமா?’’

என்ன பதில் சொல்வது? விளையாட்டில் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடிப் பார்க்கலாம். சரித்திரத்தில் அந்த வசதி கிடையாது. தெரியாதுடா என்றேன். ஆனால், அந்த ஆறு வருஷ இடைவெளியில் ஒருவர் விழும்போது மற்றவர் உதவிக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அன்று ராத்திரி பையன் புது ஆட்டம் தொடங்கியிருந்தான். எட்டிப் பார்த்தேன். மேற்கு எல்லையில் வில்லாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். கடல் ஓரத்தில் ஒரு குறுகலான நீரிணை, அதன் இரண்டு கரையிலும் அவன் கொடி. பக்கத்தில் நோஞ்சானாக ஒரு குட்டி ராஜ்ஜியம். போன தடவை முதல் வேலையாக அதைத்தான் விழுங்கினானாம்.

‘‘இந்தத் தடவை என்ன, விட்டு வச்சிருக்க?’’

‘‘இருக்கட்டும் மாமா. இவனும் போயிட்டா அப்புறம் பெரியவன்கிட்ட நான் மட்டும்தான் தனியா நிக்கணும்.’’