லண்டன் நகரத்து இரவு

மேகங்களுக்குப் பெயர் சூட்டிய லூக் ஹோவர்டு, ஜீவனத்துக்கு ரசாயன வியாபாரியே ஆயினும், லண்டனுக்கு வெளியே பிளெய்ஸ்டோ முதலிய இடங்களில் உஷ்ணமானி வைத்து வருஷக்கணக்காகக் குறித்த அளவுகளை, நகரத்தின் நடுவே ராயல் சொஸைட்டியார் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டு, 1818-ல் லண்டனின் சீதோஷ்ணத்தைப் பற்றிய தமது நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார். இரவில் நகரம் நாட்டுப்புறத்தைவிட ஏறக்குறைய 3.7 பாரன்ஹீட் பாகை அதிக உஷ்ணமாயிருப்பதையும், பகலிலோ அற்பமாகக் குளிர்ந்திருப்பதையும் (அந்தப் புகைமூட்டத்தில் சூரியனுக்குத்தான் என்ன மதிப்பு!) கண்ட அவர், ஜனநெருக்கத்தையும் கணக்கற்ற அடுப்புகளையும் காரணமாகச் சொன்னதோடு நில்லாமல், செங்குத்தான சுவர்கள் வெப்பத்தை ஒன்றுக்கொன்று திருப்பியனுப்புவதையும், காற்று தடைப்படுவதையும், ஆவியாவதற்கு ஈரம் மிஞ்சாததையும் எடுத்துக்காட்டினார். இன்று நகரத்து வானிலையைக் கணிப்பொறியில் மாதிரியமைப்போர், தெருவை ஒரு பள்ளத்தாக்காகப் பாவித்து எழுதும் சமன்பாடுகளில் இவையே உறுப்புகளாக நிற்கின்றன.