மக்காச்சோளத்தின் வேற்றுமைச் செல்வம்

மக்காச்சோளக் கதிரொன்றை உரித்துப் பார்ப்போமாயின், அதிலுள்ள மணிகள் யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே தோன்றும். ஆனால் அவற்றின் தந்தை ஒன்றன்று. காற்றில் மிதந்து வரும் மகரந்தம் வயலின் பல செடிகளிலிருந்தும் வந்து பட்டிழைகளில் படிகிறது; ஓரிழைக்கு ஒரு மணி விளைகிறது. ஆகவே ஒரு செடி உயர்ந்தும், மற்றொன்று குறுகியும், வேறொன்று முந்திப் பூத்தும் நிற்கின்றன. இவ்வேற்றுமையே விளைச்சலைப் பெருக்க முயல்வோருக்கு முதற்பொருள்.

சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தென் மெக்சிகோவின் உழவர் தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து இப்பயிரை உருவாக்கினர். அப்புல்லின் கதிரில் ஓடு மூடிய சில மணிகளே உண்டு. நல்லதைத் தேர்ந்து விதைத்த கைகளே அதனைப் பெருங்கதிராக்கின. தேர்வின் ஆற்றலுக்கு 1896இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய சோதனை சான்று. 163 கதிர்களிலிருந்து எண்ணெய் மிகுந்தவற்றையே தலைமுறைதோறும் தேர்ந்தனர். ஏறத்தாழ 5 சதவீதமாயிருந்த எண்ணெய், நூறு தலைமுறைகளில் 20 சதவீதத்தை எட்டியது. சில கதிர்களுக்குள்ளேயே எத்துணை வேற்றுமை மறைந்திருந்தது!

விளைச்சலோ கண்ணால் கண்டு தேர்வதற்கு எளிதன்று. கதிர் பருத்தது குலத்தின் சிறப்பாலா, உரத்தின் சிறப்பாலா என்பது விளங்காது. 1908இல் ஜார்ஜ் ஷல் என்னும் அறிஞர் ஒரு வழியைக் காட்டினார். செடியின் மகரந்தத்தை அதே செடிக்கு இட்டுவந்தால் சந்ததி மெலிகிறது. மெலிந்த இரு குலங்களை இணைத்தால் வீரியம் பொங்குகிறது. ஆனால் மெலிந்த தாய்ச் செடியில் விதை சிறிதளவே கிட்டும். நான்கு குலங்களை இருமுறை இணைத்து அக்குறையைத் தீர்த்தவர் டொனால்டு ஜோன்ஸ்.

நம் நாட்டில் 1957இல் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. நம் ரகங்களோடு அமெரிக்க, கரீபிய ரகங்களும் இணைக்கப்பட்டன. 1961இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் ஆகிய வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. எனினும் ஓர் இடர் இருந்தது. ஒட்டு விதையின் வீரியம் அடுத்த தலைமுறையில் தளரும். உழவர் ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டும். விதைக் குதிரை நம்பி வாழ்ந்த சிறு உழவருக்கு இது பாரமன்றோ? ஆகவே 1967இல் விஜய், கிசான், ஜவாகர் முதலிய ஆறு கூட்டு ரகங்கள் வந்தன. பல வகைகளைக் கலந்து, தம்முள் தாமே சேர விட்டமையால், சில ஆண்டுகள் வரை உழவர் தம் விதையையே வைத்துக்கொள்ள முடிந்தது.

வேற்றுமையைக் குறைத்தால் என்ன நேரும் என்பதை 1970 காட்டிற்று. அமெரிக்காவில் ஒட்டு விதை தயாரிக்கையில் தாய்ச் செடியின் ஆண்பூங்கொத்தைக் கையால் கிள்ள வேண்டும். அவ்வேலையைத் தவிர்க்க, மகரந்தம் தராத ஒரே வகைத் தாய்வழியைப் பெரும்பாலான ஒட்டுகளில் புகுத்தினர். அத்தாய்வழியைத் தாக்கவல்ல இலைக்கருகல் பூஞ்சை பரவியபோது, நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் அழிந்தது. ஒருவருக்கு வந்த நோய் அனைவருக்கும் வந்தது.

நம் சிக்கிம் மலைச்சாரலில், ஒரே தட்டையில் பல சிறு கதிர்கள் ஈனும் பழைய வகையொன்று உண்டு. சந்தையில் அதற்கு மதிப்பில்லை என்று கைவிடலாகாது. நாளைய வறட்சிக்கும் நோய்க்கும் விடை எந்த மலையின் எந்தக் கதிரில் உள்ளது என்று எவரும் முன்கூட்டியே அறியார். 1976இல் புதுதில்லியில் நிறுவப்பட்ட தேசியத் தாவர மரபு வளப் பணியகம் இத்தகைய விதைகளைக் காத்து வருகிறது. வயலிலும் அவை வாழுமாறு செய்தல் நம் கடமை.