காற்றுக்கடல் – 9: மாக்டபர்க் மேயர்

காற்றின் சுமையைச் சோதிக்கும்படி பாஸ்கல் கேட்டுக்கொண்ட அவரது மைத்துனர் பெரியே மலை ஏறத் தொடங்கிவிட்டார். நாள் 1648 செப்டம்பர் 19. கிளேர்மோன் மடத்துத் தோட்டத்தில் ஒரு பாதரசக் குழாயைத் துறவியின் காவலில் வைத்துவிட்டு, இன்னொன்றோடு புய் டி டோம் உச்சிக்குப் போகிறார். அவர் ஏறி முடிப்பதற்குள் ஜெர்மனியில் ஒருவரைப் பார்த்துவிடுவோம். அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அவர் ஓட்டோ வான் கெரிக்கே. மாக்டபர்க் நகரத்து மேயர். லைடன் வரை போய்ப் படித்த பொறியாளர். முப்பதாண்டுப் போரில், 1631 மே 20 அன்று கத்தோலிக்கத் தளபதி டில்லியின் படை அந்த நகருக்குள் புகுந்தது. கொள்ளை, கொலை, தீ. சுமார் 20,000 பேர் மாண்டார்கள். போர்த்திறமைக்காக டில்லியைப் புகழ்பவர்கள் இன்றும் உண்டு. என் பார்வையில் அந்த ஒரு நாளுக்குப் பிறகு அந்தத் தளபதிக்குப் புகழ் பாட ஒன்றுமில்லை. பிடிபட்ட கெரிக்கே பணயத்தொகை கட்டப்பட்ட பிறகே உயிர் தப்பினார். அடுத்த ஆண்டே திரும்பி வந்து, சாம்பலாய்க் கிடந்த ஊரைக் கட்டி எழுப்பும் வேலையில் இறங்கினார். 1646இல் மேயர் ஆனார். நகரத்தின் உரிமைகளுக்காக அரசவை அரசவையாக ஏறி இறங்கியதிலேயே அவரது பாதி வாழ்க்கை கழிந்தது. மீதிப் பாதியில்தான் வெற்றிடத்தைத் தேடினார்.

காற்றின் அழுத்தத்தைக் காட்டிய டாரிசெல்லியின் பாதரசக் குழாயைப் பற்றி அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. நட்சத்திரங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதே அவர் கேள்வி. வெறுமை என்று ஒன்று இருக்கவே முடியாது என்றார்கள் அரிஸ்டாட்டிலின் வழிவந்தவர்கள். வாதம் எதற்கு, செய்து பார்ப்போம் என்று ஒரு மரப் பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, இடுக்குகளை அடைத்து, அடியில் பம்பைப் பொருத்தினார். பலசாலிகள் சிலர் உந்துதண்டை இழுத்தார்கள். தண்ணீர் வெளியேற வெளியேற, உலை கொதிப்பதுபோல் பீப்பாய்க்குள் சத்தம் கேட்டது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பீப்பாயைத் தண்ணீர் நிறைந்த பெரிய பீப்பாய்க்குள் அமிழ்த்திப் பார்த்தார். அப்போதும் கசிவு நிற்கவில்லை.

மரத்தை விட்டுச் செம்புக்கு வந்தார். செப்புக்கோளத்திலிருந்து காற்றையே நேராக உறிஞ்சினார்கள். முதலில் எளிதாக வந்த உந்துதண்டு போகப் போக அசைய மறுத்தது. வேலை முடியும் தறுவாயில் பேரொலியுடன் கோளம் நசுங்கியது. சுற்றி நின்றவர்கள் நடுங்கிப்போனார்கள்.

கெரிக்கே காரணத்தைக் கண்டுகொண்டார். கோளம் சரியான உருண்டையாக இல்லை. நீரோ காற்றோ, தான் தொடும் பரப்பை எல்லாப் பக்கமும் செங்குத்தாக அழுத்தும். உருண்டை பிசகாமல் இருந்தால் ஒரு பக்கத்து அழுத்தத்தை மற்றப் பக்கங்கள் தாங்கும். ஓரிடம் சற்றே தட்டையாக இருந்தாலும் அங்கே மடங்கிவிடும். கவனமாக வார்த்த அடுத்த கோளம் தாங்கியது. வெற்றிடம் பிடிபட்டது.

1654இல் ரேகன்ஸ்பர்க் பேரவையில் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் முன்னிலையில் பம்பின் வேலையைக் காட்டினார். டாரிசெல்லியின் சோதனை பற்றி ஒரு கப்புச்சின் துறவி வாயிலாக அங்கேதான் கேள்விப்பட்டார். புகழ்பெற்ற குதிரைக் காட்சியும் அங்கேதான் நடந்தது என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. தவறு. அது 1657இல் மாக்டபர்க்கில் நடந்தது. சேர்த்து மூடிக் காற்றகற்றிய, ஏறத்தாழ 50 செ.மீ. விட்டமுள்ள இரு அரைக்கோளங்கள்; அவற்றைப் பிரித்திழுக்கப் பக்கத்துக்கு 8 என 16 குதிரைகள். கணக்கிட்டால் அரைக்கோளங்களைச் சேர்த்துப் பிடித்திருந்த விசை ஏறக்குறைய 2 டன் எடைக்குச் சமம். ஒரு பக்கத்தைச் சுவரில் கட்டி மறுபக்கம் 8 குதிரைகளைப் பூட்டியிருந்தாலும் இழுவிசை அதேதான். இது கெரிக்கேவுக்கும் தெரியும். ஆனாலும் பதினாறு குதிரைகளை நிறுத்தினார். மக்கள் மனதில் பதியவைக்கத் தெரிந்த மனிதர்!

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய தராசு. ஒரு தட்டில் காற்றகற்றி மூடிய பெரிய கோளம், மறுதட்டில் சிறிய எடைக்கல். வானிலை மாறும்போது கோளத்தின் பக்கம் ஏறும், இறங்கும். தண்ணீரில் ஆர்க்கிமிடீஸ் கண்ட மிதப்பு விசை இங்கே காற்றில் தெரிகிறது. தரைமட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. கோளம் தன் பருமனளவு காற்றை விலக்குகிறது. காற்று அடர்ந்தால் மேல்நோக்கிய தாங்கலும் கூடுகிறது. பலூன் பறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே அதன் தத்துவம் இந்த மேயரின் வீட்டுத் தராசில் ஆடிக்கொண்டிருந்தது.

மலை ஏறிய பெரியே கண்டதை இன்று ஒரே வரியில் சொல்கிறேன்: உச்சியில் பாதரசம் 3 அங்குலத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. மேலே போகப் போகக் காற்றின் சுமை குறைகிறது. அதைப் பாஸ்கல் எப்படித் திரவங்களின் பொதுவிதியாக்கினார் என்பது அடுத்த இதழில்.

குதிரைப் படத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நசுங்கிய செப்புக்கோளத்தின் கதையை முதலில் சொல்லுங்கள். வெற்றிடம் இழுப்பதில்லை, வெளியே இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது என்பது அதில்தான் மாணவர்களுக்குத் தெளிவாகப் புரியும்.