சூழலியல் ஆய்வேடு (முதுகலை), மதுரை

முதுகலை மாணவர் ஒரு நெறியாளரின் மேற்பார்வையில் களப்பணி செய்து எழுதித் தரும் ஆய்வு. மாணவர் பேச்சில் இது ‘புராஜெக்ட்’, நெறியாளர் ‘கைடு’. 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தில் (இன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) ஆற்றல், சுற்றுச்சூழல், இயற்கை வளங்களுக்கெனத் தனிப் புலம் உண்டு.

களத்துக்குப் பஞ்சமில்லை: வைகை ஆறு, வண்டியூர், மாடக்குளம் கண்மாய்கள், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி. மாணவருக்கு எளிதில் கைவருவது தண்ணீர்ப் பரிசோதனை. உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை அறிய, மாதிரியை 20 டிகிரி செல்சியஸில், இருட்டில், 5 நாள் வைத்து, முன்னும் பின்னும் கரைந்துள்ள ஆக்சிஜனை அளப்பார்கள். ஐஸ் பெட்டி இல்லாமல் சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்த பாட்டில் பொய் சொல்லும்.

வைகையில் பல மாதங்கள் நீரோட்டம் இராது. ஆகவே நகருக்குள் மொண்டது ஆற்றுநீரா, சாக்கடை நீரா என்பதை முதலில் குறித்துவைக்க வேண்டும். ஒரே பருவத்து மாதிரியை வைத்து ஆற்றுக்கே தீர்ப்பெழுதுவது இவ்வகை ஆய்வேடுகளின் தீராத வியாதி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை என மாணவரை ஆற்றுக்கு அனுப்புவது நல்ல நெறியாளரின் வேலை. வாய்மொழித் தேர்வில் முதலில் வரும் கேள்வியும் மாதிரி எந்தப் பருவத்தில் எடுத்தது என்பதாகவே இருக்கும்.